மூத்தவளுக்கு ஓர் அலையன்ஸ்

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை அம்மா நிறுத்திவிட்டாள் என்றால், பின்பக்க பால்கனியில் மகள் போன் பேசுகிறாள் என்று அர்த்தம். அந்த வட்ட ஓட்டை வழியாகப் புகை வெளியே போனதைவிடச் செய்தி உள்ளே வந்ததுதான் அதிகம்.

அன்று மாலையும் ஃபேன் நின்றது. உள்ளே வந்த செய்தி இது.

"அலையன்ஸ் நல்ல இடம்தான் சார், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அவங்க ஏற்கெனவே ஒரு இடத்துல சேர்ந்து நாலே வருஷத்துல பிரிஞ்சிருக்காங்க. ஏன்னு கேக்காம எப்படி சார் சம்மதிக்கறது? மூத்தவளைக் கொடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா அவ இங்கயேதான் இருக்கணும். கடல் தாண்டி அனுப்பறதா இருந்தா இந்த அலையன்ஸே வேண்டாம்."

அம்மா கையிலிருந்த கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். வீட்டில் பெண்கள் இரண்டு. இளையவள் கல்யாணமாகிப் போய் இரண்டு வருஷமாகிறது. மூத்தவளோ, வந்த வரன்களையெல்லாம் ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தன் வேலையை விடச் சொன்னான், சரி. இன்னொருத்தன் வாயைத் திறந்துகொண்டு மெல்லுகிறான் என்பதெல்லாம் ஒரு காரணமா? அப்படிப்பட்டவள் இப்போது தன் கல்யாணத்தைத் தானே பேசி முடிக்கிறாள். அதுவும் யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிப் பேசுவதுபோல "மூத்தவள், மூத்தவள்" என்கிறாள். கூச்சம் போலிருக்கிறது என்று அம்மா நினைத்தாள். அதை நினைத்ததும் அவளுக்குக் கொஞ்சம் கண் கலங்கியது.

உண்மையில் பால்கனியில் நடந்தது கல்யாணப் பேச்சில்லை. மகள் ஒரு லாரித் தொழிற்சாலையில் திட்டப் பிரிவின் மேலாளர். மூத்தவள் என்பது அந்தத் தொழிற்சாலை முதன்முதலில் வார்த்தெடுத்த பின்பக்க ஆக்சிலின் செல்லப் பெயர். பெரிய லாரிகளின் பின்சக்கரங்களைத் தாங்கித் திருப்புகிற இரும்பு உருப்படி அது. அதற்குப் பிறகு வந்த சின்ன ஆக்சிலை இளையவள் என்பார்கள். லாரி எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் மூத்தவள் மட்டும் உடைந்ததில்லை.

தொழிற்சாலைக்குத்தான் ஒரு வியாதி இருந்தது. ஊரெல்லாம் ரோடும் பாலமும் கட்டுகிற வருஷத்தில் லாரி விற்கும், லாபம் வரும், எம்.டி. எல்லோருக்கும் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் பரிசளிப்பார். அடுத்த இரண்டு வருஷம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தபடியே எல்லோரும் நஷ்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எம்.டி.க்குக் குரல் பெரிது. தொழிற்சாலையில் அவர் பெயர் ஏர் ஹாரன். இந்த முறை அவர் மருந்து கண்டுபிடித்துவிட்டதாக முழங்கிக்கொண்டிருந்தார். கடலுக்கு அப்பால், பல நாடுகளில் லாரி விற்கிற ஒரு பெரிய கம்பெனியோடு அலையன்ஸ். அவர்களிடம் புகை குறைந்த புது இன்ஜின் இருந்தது, அழகான கேபின் இருந்தது. ஆனால் அவர்களுடைய ஆக்சில் மோசமான ரோட்டில் பல்லைக் காட்டியது. அவர்கள் இன்ஜினையும் கேபினையும் கொடுப்பது, நாம் அவர்களுடைய எல்லா லாரிக்கும் மூத்தவளைக் கொடுப்பது. உள்ளூரில் லாரி விற்காத வருஷத்திலும் ஆக்சில் ஷெட்டில் வேலை நடக்கும். லாபம் என்பது எப்போதோ வந்துபோகிற விருந்தாளியாக இல்லாமல் வீட்டோடு தங்கும்.

கணக்கு சரிதான், ஆக்சில் இங்கேயே தயாரானால். ஒப்பந்த வரைவில் அந்த இடத்தில் மட்டும், 'தயாரிக்கும் இடம் பிற்பாடு தீர்மானிக்கப்படும்' என்று மழுப்பலாக ஒரு வரி. மகளின் பயமெல்லாம் அந்த ஒரு வரியில்தான். ஆக்சிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், இங்கே மிஞ்சுவது அவர்களுடைய இன்ஜினை நம்முடைய லாரிச் சட்டகத்தில் முடுக்குகிற வேலைதான். ஒரு வருஷம் லாபம் வரும், ஒரு கடிகாரம் வரும். அதற்குப் பிறகு ஷெட்டையே பூட்டிவிடலாம். அதில் அறுநூறு பேர் வேலை செய்கிறார்கள். இதையும், முன்பு வேறொரு கம்பெனியோடு சேர்ந்து அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்பதையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம், கேட்டால் அவர்கள் ஓடிப்போய்விடுவார்கள், வாயே திறக்கக் கூடாது என்று ஏர் ஹாரன் அலறினார். கையெழுத்தாகும்வரை வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது என்பது இன்னொரு உத்தரவு. அதனால்தான் பால்கனி.

அம்மா முதலில் இளைய மகளுக்குப் போன் போட்டாள். மாப்பிள்ளை ஏற்கெனவே கல்யாணமாகி நாலு வருஷத்தில் பிரிந்தவனாம், வெளிநாடாம், அக்கா தானே பேசி முடிக்கிறாளாம் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். நாலு வருஷம் ஒருத்தியோடு தாக்குப் பிடித்திருக்கிறானே, அதுவே நல்ல குணம்தான் என்றாள் இளையவள்.

அப்பாவிடமும் சொன்னாள். அப்பா இருபது வருஷம் அதே கம்பெனியின், மூத்தவள் பூட்டிய லாரியை ஓட்டியவர். இப்போது கனரக வாகனங்களுக்கு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கல்யாணமான முதல் வாரத்திலேயே அம்மா அவருக்கு ஒரு சட்டம் போட்டிருந்தாள். செருப்பையும் லாரிப் பேச்சையும் வாசலோடு விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அவரும் அதை மீறியதில்லை. அம்மா, தான் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தபோது, அவர் நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மூத்தவளை அனுப்ப மாட்டேன்னா சொன்னா?"

"ஆமாங்க. கடல் தாண்டி அனுப்ப முடியாதாம். தன்னைப் பத்தித் தானே சொல்லிக்கறா, பாவம்."

அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். பேப்பர் சற்று நேரம் குலுங்கியது. அவர் அழுகிறார் என்று நினைத்து அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை, மகள் குளித்துக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு மேஜையில் அவள் போன் அடித்தது. அம்மா எடுத்தாள். ஓர் ஆண் குரல் மரியாதையாக, அலையன்ஸ் விஷயமாகப் பேச வேண்டும் என்றது. முந்தாநாளே ஊருக்கு வந்துவிட்டோம், பெரியம்மாவும் வந்திருக்கிறார்கள், மூத்தவளைப் பற்றி ஒன்றிரண்டு சந்தேகம் இருக்கிறது, அவ்வளவுதான் என்றது. என்ன வேலை பார்க்கிறீர்கள் தம்பி என்று அம்மா கேட்டாள். ஆக்சில் டிசைன் என்றது குரல். இரண்டு பேரும் ஒரே தொழில் என்று அம்மா மனசுக்குள் ஒரு டிக் போட்டாள். நம் மொழியையே பேசுகிறான் என்று இன்னொரு டிக். பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்பதற்கு இரண்டு டிக்.

"ஓட்டல்ல உக்காந்துக்கிட்டு போன்ல என்னப்பா பேச்சு? சாயந்திரம் வீட்டுக்கு வாங்க. பெரியம்மாவையும் கூட்டிட்டு வாங்க. நேர்ல பாத்துப் பேசினாதான் மனசு தெரியும்."

மறுமுனையில் யாரிடமோ கேட்கிற முணுமுணுப்பு. பிறகு, கண்டிப்பாக வருகிறோம் என்றது குரல். யார் போனில் என்று மகள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டதற்கு, ராங் நம்பர் என்றாள் அம்மா. மகள் தொழிற்சாலைக்குக் கிளம்பிப் போனாள். திங்கட்கிழமை விருந்தாளிகளுக்கு ஓட்டிக் காட்ட வேண்டிய லாரியை அன்று தயார் செய்ய வேண்டியிருந்தது.

பெரியம்மா என்பவர் வேறு யாருமில்லை, கடலுக்கு அப்பால் இருக்கும் அந்தக் கம்பெனியின் தலைவி. பிறந்தது இந்தப் பக்கம், வாழ்க்கைப்பட்டது அந்தப் பக்கம். கணவருடைய கம்பெனியை அவருக்குப் பிறகு முப்பது வருஷமாக நடத்துகிறவர். போனில் பேசியவன் அவருடைய தங்கை மகன், ஆக்சில் இன்ஜினியர். திட்ட மேலாளரின் வீட்டிலிருந்து அழைப்பு என்று அவன் சொன்னதும் தலைவிக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு கம்பெனியைப் பற்றி அதன் மீட்டிங் ரூமில் தெரிந்துகொள்ள முடியாது, அங்கே வேலை செய்கிறவர்களின் வீட்டில்தான் தெரியும் என்பது அவர் எண்ணம்.

மாலையில் அவர்கள் வந்தபோது அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நின்றார். இன்றைக்கு லாரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று அம்மா மூன்று முறை எச்சரித்திருந்தாள். சத்தியமாகப் பேச மாட்டேன் என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அம்மா கவனித்திருக்க வேண்டும். காபி கலக்கிற அவசரத்தில் விட்டுவிட்டாள்.

கூடத்தில் உட்கார்ந்ததும் தலைவி சுவரைப் பார்த்தார். ஒரே மாதிரி மூன்று கடிகாரங்கள் வரிசையாகத் தொங்கின. மூன்றும் மூன்று நேரம் காட்டின. இது என்ன என்று அவர் அப்பாவைக் கேட்டார்.

"இது மூணும் லாப வருஷம்ங்க," என்றார் அப்பா, சமையலறைக்குக் கேட்காத குரலில். "நஷ்ட வருஷத்துக்குக் கடிகாரம் கிடையாது. இல்லைன்னா சுவர் பத்தாது."

தலைவி சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடியும் அந்தக் கடிகாரங்களைப் பார்த்தார். இரண்டு நாளாக ஏர் ஹாரன் திரை போட்டுக் காட்டிய வண்ண வண்ண வரைபடங்கள் எதுவும் இவ்வளவு தெளிவாக விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை.

அம்மா காபியோடு வந்தாள். சம்பந்தி என்று கூப்பிட வாய் வந்தது. விழுங்கிக்கொண்டாள். பயணம் எப்படி, வெயில் ஒத்துக்கொண்டதா என்பதெல்லாம் முடிந்ததும் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது. எனக்கு மூடி மறைச்சுப் பேசத் தெரியாது. மூத்தவ விஷயம், அதனால கேக்கறேன். முதல்ல ஒரு இடத்துல சேர்ந்து நாலு வருஷத்துல பிரிஞ்சிட்டதா கேள்விப்பட்டேன். அது ஏன்?"

இன்ஜினியர் காபியை உறிஞ்சுவதைப் பாதியில் நிறுத்தினான். தலைவி அம்மாவை உற்றுப் பார்த்தார். இரண்டு நாள் பேச்சுவார்த்தையில் எம்.டி. கேட்காத கேள்வி. திட்ட மேலாளரின் அம்மா கேட்கிறாள். இந்த ஊரில் இப்படித்தான் போலிருக்கிறது, முக்கியமானதையெல்லாம் வீட்டில் வைத்துத்தான் கேட்பார்கள் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் அவருக்கு மரியாதைதான் கூடியது.

இந்த நேரத்தில்தான் மகள் வந்தாள். வாசலில் தெரியாத செருப்புகள். கதவிடுக்கு வழியாக, கூடத்துச் சோபாவில், வரும் செவ்வாய்க்கிழமை தன் தொழிற்சாலையின் தலையெழுத்தில் கையெழுத்துப் போடப்போகிறவர். எதிரில் அம்மா. அவள் உள்ளே பாய்வதற்குள் அப்பா வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் இரு. உங்கம்மா இப்பதான் மூணாவது கியர் போட்டிருக்கா."

"அப்பா, அம்மா எதைப் பத்திப் பேசறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அந்தம்மா எதைப் பத்திப் பேசறாங்கன்னும் தெரியும். நீ கேக்கக் கூடாதுன்னுதானே உத்தரவு? காதுல விழக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

மகள் கதவுப் பிடியில் கை வைத்தாள். உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தக் கூத்து முடிந்துவிடும். அம்மாவின் மானம் தப்பும், தன் வேலையும் தப்பும். அவள் பிடியைத் திருப்பப்போனபோது தலைவியின் குரல் கேட்டது. திருப்பாமல் நின்றுவிட்டாள்.

"தப்பு எங்க மேலதான்," என்றார் தலைவி. "அவங்ககிட்ட இருந்த நல்லதையெல்லாம் ஒவ்வொண்ணா எங்க பக்கம் எடுத்துக்கிட்டோம். அவங்க வளர ஒரு வழியும் வைக்கல. கடைசியில வெறுங்கூடாப் போயிட்டாங்க. வெறுங்கூட்டோட எத்தனை நாள் சேர்ந்து இருக்க முடியும்? அவங்களுக்கும் நஷ்டம், எங்களுக்கும் நஷ்டம்."

அம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. இந்தக் காலத்தில் எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரி இப்படி ஒப்புக்கொள்வாள்? ஆனாலும் விடவில்லை.

"நல்லது, ஒத்துக்கிட்டீங்க. இப்ப மூத்தவ விஷயத்துல என்ன பண்ணப் போறீங்க? இங்க இருப்பாளா, கூட்டிட்டுப் போயிடுவீங்களா?"

 கதவுக்கு வெளியே மகளின் கை அப்பாவின் சட்டையைக் கசக்கியது.

"ரெண்டு வருஷம் இங்க," என்றார் தலைவி மெதுவாக. "அதுக்கப்புறம் எங்க ஊருக்குக் கொண்டுபோறதா ஒரு எண்ணம்."

இதுதான். இந்த ஒரு வாக்கியத்துக்காக மகள் இரண்டு மாதம் தூக்கம் கெட்டிருந்தாள். அது தலைவியின் வாயிலிருந்தே வந்துவிட்டது. அவளுக்கு மேலே என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

"அது நடக்காதுங்க," என்றாள் அம்மா. "அவ இந்த வெயில்லயும் புழுதியிலயும் வளர்ந்தவ. இங்க இருக்கிறவங்களுக்குத்தான் அவளை எங்க தட்டணும், எங்க விட்டுப்பிடிக்கணும்னு தெரியும். உங்க ஊருல கொண்டுபோய் வச்சா ஆளு அதேதான் இருப்பா, ஆனா நீங்க எதைப் பாத்து ஆசைப்பட்டு வந்தீங்களோ அது இருக்காது. அவளைப் பாக்கணும்னா நீங்க வாங்க, போங்க, இங்கயே மாசக்கணக்கா தங்குங்க. நாங்க பொண்ணைத்தான் கொடுக்கறோம். வீட்டைக் காலி பண்ணிக் கொடுக்கல."

"பெரியம்மா, இதைத்தான் நானும் ஒரு வருஷமா சொல்றேன்," என்றான் இன்ஜினியர். அவன் குரலில் இருந்த வேகத்தைக் கேட்டு அம்மா அவனுக்கு மொத்தமாக நாலு டிக் போட்டாள். மூத்தவளின் பலம் டிசைனில் பாதி, இங்கேயுள்ள வார்ப்புப் பட்டறையிலும் இரும்பைப் பதமாக்குகிற கைகளிலும் பாதி என்று அவன் எழுதிக் கொடுத்த அறிக்கை தலைவியின் மேஜையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. அறிக்கை சொன்னபோது ஏறாதது, இந்த அம்மாள் சொன்னபோது ஏறியது. தலைவி காபிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"சரி. நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா மூத்தவகிட்டயும் குறை இருக்கில்ல? உடம்பு ரொம்பக் கனம். சத்தமும் அதிகம். இங்கயே இருக்கட்டும்னா, குறைஞ்சது எண்பது கிலோ குறைச்சாகணும்."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எண்பது கிலோவா?"

"அறுபது குறைச்சாலே போதும் பெரியம்மா," என்றான் இன்ஜினியர் அவசரமாக. "நடுவுல கொஞ்சம் ராவிட்டாப் போதும், பலம் குறையாது."

"ராவறதா?" அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "என் பொண்ணு மொத்தமே ஐம்பத்தஞ்சு கிலோ. அதுல அறுபதைக் குறைச்சுட்டு நீங்க யாரைக் கூட்டிட்டுப் போகப் போறீங்க?"

வாசல் கதவுக்கு வெளியே அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். அவளுடைய முகத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் மூன்று பேருக்கும் ஏதோ சரியில்லை என்று புரிந்தது.

யார் எதை விளக்கினார்கள் என்று பிறகு யாருக்கும் சரியாக நினைவில்லை. மகள் ஆக்சில் என்றாள். இன்ஜினியர் அலையன்ஸ் என்றான். இரண்டையும் சேர்த்துப் பார்த்த அம்மா காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், எக்ஸாஸ்ட் ஃபேனை முழு வேகத்தில் சுழலவிட்டாள். அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். எழுந்து அவரும் சமையலறைக்குள் போனார்.

கூடத்தில் மகளும் இன்ஜினியரும் மிஞ்சினார்கள். இதுவரை மின்னஞ்சலில் மட்டுமே சண்டை போட்டவர்கள். மன்னிக்க வேண்டும், உங்களைப் போய் ராவ வேண்டும் என்று சொல்லிவிட்டேன் என்றான் அவன். பரவாயில்லை, கனம் அதிகம் என்று நீங்கள் சொல்லவில்லையே என்றாள் அவள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதைப் பார்த்தும் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்ல முடியவில்லை.

ஃபேன் சத்தத்தில் உள்ளே பேசியது ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை இரண்டு பெண்கள் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் மட்டும் ஃபேனையும் மீறி வந்தது.

தலைவி வெளியே வந்தபோது கையில் இரண்டாவது கோப்பைக் காபி இருந்தது. அவர் மகளைப் பார்த்துச் சொன்னார்.

"இடம் பிற்பாடு தீர்மானிக்கப்படும்னு ஒரு வரி இருக்கு, தெரியுமில்ல? அதை அடிச்சுட்டு, இங்கதான்னு எழுதுங்க. உங்கம்மா கேள்வி கேட்டது வேற ஆளைப் பத்தி. ஆனா பதில் சொன்னது நான். சொன்ன பதிலைக் கேட்டப்புறம் எனக்கே என் திட்டம் பிடிக்கல."

"அறுபது கிலோ?" என்றாள் மகள். 

"அதுல விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு வருஷத்துல குறைக்கணும். இவன் இங்கயே தங்கிக் குறைச்சுக் கொடுப்பான். மாசக்கணக்கா வந்து தங்கலாம்னு உங்கம்மாதானே சொன்னாங்க?"

செவ்வாய்க்கிழமை கையெழுத்தானது. அந்த வரி மாறியிருப்பதைப் பார்த்து ஏர் ஹாரன், இதை எப்படிச் சாதித்தீர்கள் என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை சார் என்றாள் மகள். அது முழு உண்மை. அந்தச் சந்தோஷத்தில் அவர், இந்த வருஷமே எல்லோருக்கும் கடிகாரம் என்று கையெழுத்து விழா மேடையிலேயே அறிவிக்கப் போனார். பக்கத்திலிருந்த தலைவி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு வருஷ லாபத்துக்குக் கடிகாரம் கிடையாது, தொடர்ந்து மூன்று வருஷம் லாபம் வந்தால் அப்போது பார்க்கலாம், அதுவரை இருக்கிற கடிகாரங்களுக்கு பேட்டரி போடுங்கள் என்றார். ஆக்சில் ஷெட்காரர்கள்தான் பலமாகக் கை தட்டினார்கள்.

வீட்டில் அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவர் நினைக்கும்படி.

"முதல் நாளே தெரியும் உங்களுக்கு. தெரிஞ்சும் என்னை ஒரு வார்த்தை எச்சரிக்கல. ஊரான் முன்னால உளற விட்டீங்க."

"லாரிப் பேச்சு வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு நீதானே சட்டம் போட்ட? முப்பது வருஷம் கட்டிக் காத்ததை ஒரு நாள்ல மீறச் சொல்றியா?"

 அம்மா இன்னும் கோபமாக, நான் உளறவே இல்லை, நான் கேட்டது என் பொண்ணுக்காக, அது ஆக்சிலுக்கும் பொருந்தினால் அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றாள். சமையலறையில் அந்தம்மா என்ன சொன்னார் என்று அப்பா கேட்டபோது மட்டும், அது பெண்பிள்ளைகள் விஷயம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

இன்ஜினியர் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துக்கொண்டான். மூத்தவள் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தாள். முதலில் பத்து கிலோ, பிறகு இன்னொரு பதினைந்து. ஒவ்வொரு தடவையும் ஒரு லாரி நிறைய ஜல்லி ஏற்றி, ஊரிலேயே மோசமான ரோட்டில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஓட்டுவது அப்பாதான், அவராகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. பக்கத்தில் மகளும் இன்ஜினியரும் காகிதங்களோடு உட்கார்ந்து வாக்குவாதம் செய்வார்கள். ஆக்சிலில் எங்கே விரிசல் வரும் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டிய அப்பா, வேறு எதையோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்ல மாட்டார். சட்டம் சட்டம்தான்.

மழை விட்ட ஒரு மாலை. பால்கனியில் மகள் போனோடு நின்றாள். சமையலறையில் ஃபேன் நின்றது.

"அவ்வளவு தூரமெல்லாம் அனுப்ப முடியாதுன்னு எங்கம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்களே," என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். "நீங்க இங்கயே இருக்கறதா இருந்தா, யோசிக்கலாம்."  மெல்லிய சிரிப்பு ஒன்று. பிறகு, "எடையைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை பேசினீங்கன்னா போனை வச்சிடுவேன்."

அம்மா கூடத்துக்கு விரைந்தாள். ஒரு தடவை பட்டது போதும் என்று இருந்தது அவளுக்கு. அப்பாவைக் கையோடு சமையலறைக்கு இழுத்துவந்து ஓட்டைக்குக் கீழே நிறுத்தினாள்.

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. இது எந்த மூத்தவ?"

அப்பா தலையைச் சாய்த்து, இன்ஜின் சத்தம் கேட்கிற அதே கவனத்தோடு கேட்டார்.

"ஆக்சிலைப் பத்திப் பேசும்போது அவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல," என்றார்.

அம்மா அந்த வட்ட ஓட்டையை நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் எத்தனையோ கேட்டிருக்கலாம். கை நீட்டி ஃபேனைப் போட்டாள்.